கணேஸ்வரன் கழற்றிய சங்கிலி

என் கணவர் சேதுவின் தம்பி கணேஸ்வரனுடைய வேலைக் கடிதங்கள் அனைத்தும் என் அலமாரியில் ஒரு பச்சைக் கோப்பில் இருக்கின்றன. பதினெட்டு ஆண்டுகளில் ஒன்பது வேலைகள். ஒன்பது நியமனக் கடிதங்களுக்கு எட்டு விலகல் கடிதங்கள். அவற்றில் ஆறு, நான் எழுதிக் கொடுத்து அவர் நின்றபடியே கையொப்பமிட்டவை.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்பதற்கு அந்தக் கோப்பே போதும். எழுதக் காரணமும் உண்டு. சென்ற ஆண்டு செப்டம்பரில் நான் செய்யாத ஒரு பிழை என் பெயரில் பதிவாயிற்று. புக்கிட் பெருந்துங்கில் பிளாஸ்டிக் கூடைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் உதிரிப்பாகக் கிடங்கில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறேன். பராமரிப்புப் பிரிவில் திட்டமிடும் மேசைக்கு மாற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அந்தப் பதிவு அழியும்வரை அந்த மேசை எனக்கில்லை. அதை அழிக்க வேண்டிய வார்த்தையோ கணேஸ்வரனின் வாயில் இருந்தது.

அவர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் தரும் செம்பனை நட்டார்கள். டிராக்டர் ஓட்டிய என் மாமனார் குடும்பத்தோடு அசாம் ஜாவாவில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கணேஸ்வரனின் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. பிறகு ரவாங்கில் கார் குளிர்சாதனக் கடை, கிள்ளானில் கொள்கலன் முனையம், ராசாவில் லோரிப் பட்டறை என்று சுற்றிவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் வெர்க்‌ஷாப்பில் டிராக்டர் பழுது பார்க்கச் சேர்ந்தார். எந்த வேலையிலும் அவரை யாரும் வெளியேற்றியதில்லை. எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளாமல் போய்விடும்.

ஒருமுறை ராசாவில் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பெண் தட்டோடு வருவதற்குள் அவர் நாற்காலி மேல் ஏறி விசிறியைக் கழற்றிவிட்டார். நாங்கள் புறப்பட்டபோது விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. மறுநாள் பெண்ணின் தந்தை தொலைபேசியில் அழைத்து, பையன் நல்லவர்தான், ஆனால் எங்கள் பெண் ஒரு மனிதரைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று சொன்னார். அப்போது முப்பத்திரண்டு வயது, இப்போது முப்பத்தாறு. இன்னும் தனியாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரவாங்கில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் சண்டை ரோபோ போட்டியை அவர் முதன்முதலாகப் பார்த்தார். கெட்டியான கண்ணாடித் தடுப்புக்குள் பதினைந்து கிலோவுக்கு மேல் போகாத இரண்டு இரும்புப் பெட்டிகள் மூன்று நிமிடம் மோதிக்கொள்ளும். வெளியே நின்று ரேடியோ கருவியால் ஓட்டுவார்கள். நகர முடியாமல் போவது தோற்கும். இரண்டும் நகர்ந்தால் நடுவர் மூவர் முடிவு செய்வார்கள். கணேஸ்வரன் அங்கே மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றார் என்பதைச் சேது என்னிடம் ஒரு நோய்ச் செய்தியைப் போலச் சொன்னார்.

அடுத்த மாதமே அவர் ஒன்று கட்டத் தொடங்கினார். அதற்கு உடும்பு என்று பெயர். தரையோடு தட்டையாகக் கிடக்கும். முன்னால் சாய்ந்த எஃகுத் தகடு, அதன்மேல் ஒரு தாடை. எதிரியைக் கவ்விப் பிடித்துச் சுவருக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. ஆகவே அதற்கு வேகத்தைவிடத் தள்ளும் வலுவே முதன்மையானது. இதை நான் தொடக்கத்திலேயே சொன்னேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவள், பொறியியல் படிக்கவில்லை. ஆனால் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு மோட்டர் பெட்டியிலும் ஒரு விவரத்தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறப்பவர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள். நான் எடுத்து வைத்துக்கொள்வேன். அசாம் ஜாவாவிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். மோட்டரின் சுற்று, முறுக்குவிசை, இழுக்கும் மின்னோட்டம், கியர் விகிதம் எல்லாவற்றையும் அந்தப் பேருந்தில்தான் கற்றேன்.

சென்ற ஆண்டு உடும்புக்கு நாங்கள் எடுத்தவை பேட்டரி டிரில்லிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டர்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று. அதோடு ஒட்டிய கியர்ப்பெட்டி அதைப் பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். பத்து சென்டிமீட்டர் சக்கரத்தை அதில் நேரடியாக மாட்டினால் ரோபோ ஒரு நொடிக்குள் சுவருக்குச் சுவர் ஓடிவிடும், தள்ளவோ தெம்பிருக்காது. ஆகவே கியர்ப்பெட்டியில் பதினொரு பல், சக்கரத்தில் இருபது பல், நடுவில் சங்கிலி என்று கணக்குப் போட்டேன். மொத்தக் குறைப்பு இருபத்து மூன்று புள்ளி ஆறு. வேகம் ஏறக்குறைய பாதியாகும், தள்ளும் வலு ஏறக்குறைய இரட்டிப்பாகும், மோட்டரும் சூடாகாது; சங்கிலி இல்லாவிட்டால் இருபத்தெட்டு ஆம்பியர் இழுத்து எரியும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஆகஸ்ட் பன்னிரண்டு என்று தேதியிட்டு அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் அப்படியே கட்டவும் செய்தார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. சங்கிலியைக் கழற்றிச் சக்கரங்களை நேரடியாக மாட்டினார். சங்கிலியைக் கழற்றியதால் மிச்சமான தொள்ளாயிரம் கிராமுக்கு முன் தகட்டைத் தடிப்பாக்கினார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சேதுவும் நானும் தோட்டத்து வெர்க்‌ஷாப்புக்குப் போனபோது உடும்பு சிமெண்டுத் தரையில் எலியைப்போல் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடாது என்றேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார் அவர்.

மறுநாள் சனிக்கிழமை காலை, எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலின் மண்டபத்தில் அளந்தோம். கோயில் தேரின் சக்கரத்தை அவர் சரிசெய்து கொடுத்ததால், சனிக்கிழமைகளில் மண்டபத்தைப் பயன்படுத்திக்கொள்ள நிர்வாகத்தினர் அனுமதித்திருந்தார்கள். ரோபோவின் மூக்கைச் சுவரில் முட்டவிட்டு முழுவிசையில் தள்ளச் செய்து, கம்பியில் மீட்டரைக் கவ்வவைத்து ஆறு முறை படித்தேன். ஆறு முறையும் ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஏறவில்லை. அந்த மோட்டர் பதினைந்து வரை சளைக்காமல் தாங்கும். என் கணக்கு இருபத்தெட்டைத் தொடும் என்றது. மீட்டர் ஒன்பது என்றது.  எண்களை எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஆட்டத்தில், எதிரியைக் கவ்விச் சுவரில் அழுத்திய நாற்பதாவது நொடியில் உடும்பிலிருந்து புகை வந்தது. இரண்டு மோட்டர்களும் கருகிவிட்டன. போட்டியை நடத்தும் மன்றத்தின் தலைவர் திரு. அழகேசன் ஒலிவாங்கியை நீட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். கணேஸ்வரன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பிறகு, "கியர் கணக்கெல்லாம் எங்க அண்ணி போட்டது" என்றார். அவ்வளவுதான். அந்தக் காணொளி என்னிடம் இருக்கிறது.

திரு. அழகேசன் எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுத் தலைவரும் ஆவார். மறுநாளே கணக்குத் தாளையும் அளவீட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் இரண்டையும் பொறுமையாகப் படித்தார்.

"இதுல சங்கிலி இல்லாட்டி எரியும்னு எழுதியிருக்கீங்க. இதுல சங்கிலி இல்லாம ஒம்பதுதான்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் உங்க கையெழுத்துதான், தனேஸ்வரி. எத நான் நம்புறது?"

மன்றத்தின் அறிக்கையில், கியர் கணக்கும் அளவீடும் ஒன்றோடொன்று பொருந்தாதவை, கணக்கிட்டவர் தனேஸ்வரி என்று ஒரு வரி ஏறியது. இவ்வாண்டு ஜூன் மாதம் திட்டமிடும் மேசைக்கு ஆள் கேட்டு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். எந்த இயந்திரத்துக்கு எந்த மோட்டர் என்று தேர்வு செய்யும் வேலை அது. திரு. அழகேசன் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது, பார்ப்போம் என்றார்.

பத்து மாதங்கள் கணேஸ்வரனிடம் நான் பேசவில்லை. வாரத்தில் மூன்று நாள் சாப்பிட வருவார், சோறு போட்டேன், பேசவில்லை. சேது நடுவில் அகப்பட்டுக்கொண்டு தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைப்பார். கணேஸ்வரனின் வலக்கால் சாப்பாட்டு மேசைக்கடியில் ஓயாமல் ஆடும். தண்ணீர்க் குவளையில் வளையம் வளையமாகத் தெரியும்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேசைமேல் நாளிதழை விரித்து மூன்று மோட்டர்களை வரிசையாக வைத்தார். பிறகு மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

முதலாவது, தோட்டத்து லோரியின் மழைத்துடைப்பான் மோட்டர். கையில் தூக்கினாலே முரட்டுத்தனம் தெரியும், எதற்கும் மசியாது. ஆனால் நிமிடத்துக்கு அறுபது சுற்றுதான். அதைப் பொருத்தினால் உடும்பு ஓர் ஆமையாகும். இரண்டாவது, மின்சாரச் சறுக்குப் பலகையிலிருந்து எடுத்த பிரஷ் இல்லாத மோட்டர். பாதி எடையில் மூன்று மடங்கு வலு. ஆனால் நின்ற நிலையிலிருந்து பாரத்தைத் தள்ளும்போது திணறும். கவ்வித் தள்ளும் ரோபோவுக்கு அந்தத் திணறலே தோல்வி. மூன்றாவது, அதே டிரில் மோட்டர், புதியது. அவருடைய கண் இரண்டாவதன் மேல் இருந்தது.

"என்னா அண்ணி, ஒண்ணும் சொல்லமாட்டீங்களா? மௌன விரதம் போதும் லா" என்றார்.

மூன்றாவதைத் தொட்டுக் காட்டினேன். கூடவே, பத்து மாதங்களாக வைத்திருந்ததையும் சொன்னேன்.

"கணக்கு போட்டுத் தரேன் தம்பி. ஆனா சங்கிலிய கழட்டினது நீங்கதான்னு அழகேசன் சார் முன்னால நீங்க சொல்லணும்."

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. மேசையை இரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கழட்டினது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதனாலதான் எரிஞ்சதுன்னு உங்களுக்கே தெரியுமா? நீங்கதான அளந்தீங்க? ஒம்பதுதான காட்டுச்சு? தெரியாத ஒண்ண நான் எப்படி மைக்குல போய்ச் சொல்றது?"

சேது தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

எனக்குக் கோபம் வந்ததைவிட அவமானம் அதிகமாக இருந்தது. ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒன்பது ஆம்பியர் இழுத்த மோட்டர் எப்படிக் கருகும்? அந்தக் கேள்வியை நான் பத்து மாதங்களாக அவருடைய மௌனத்தின் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். திரு. அழகேசன் நம்பாததும், கணேஸ்வரன் சொல்லாததும், என்னிடமே விடையில்லாத அந்த ஒரே இடத்தில்தான் முட்டி நின்றன.

அந்த வாரம் முழுவதும் பேருந்தில் உடும்பின் தாள்கள் இருந்த கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு வந்தேன். தூங்க விடாத ஓர் அரிப்பு. கணக்கை மூன்று முறை திரும்பப் போட்டேன். மூன்று முறையும் இருபத்தெட்டு. மீட்டரைத் தொழிற்சாலையின் சோதனைக் கருவியோடு ஒப்பிட்டேன்; மீட்டர் சரி. வியாழக்கிழமை காலை, பேருந்து பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டும்போது, அளவீட்டுத் தாளின் மேல் விளிம்பில் ஒரு வரி கண்ணில் பட்டது. அடித்துவிட்ட வரி. நான் எதையும் எப்போதும் ஒற்றைக் கோட்டால்தான் அடிப்பேன். கீழே இருப்பதைப் படிக்க முடியும்.

வெள்ளி, வெர்க்‌ஷாப், இருபத்தாறு. பக்கத்தில் என் எழுத்தில், மீட்டர் பழுது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை வெர்க்‌ஷாப்பில் வாக்குவாதத்தின் நடுவே ஒரே ஒரு முறை அளந்திருந்தேன். மறுநாள் ஆறு முறை ஒன்பது வந்ததும், தனியாக நின்ற இருபத்தாறைப் பழுது என்று முடிவு செய்து அடித்துவிட்டேன். ஆறு பேர் ஒன்றைச் சொல்லி ஒருவர் வேறொன்றைச் சொன்னால் அந்த ஒருவரைப் பொய்யர் என்று தீர்ப்பதுபோலத்தான் அது. எனக்கு நேர்ந்ததையே நான் அந்த எண்ணுக்குச் செய்திருந்தேன்.

மீட்டர் பழுதில்லை என்றால் இரண்டு அளவுகளும் உண்மை. அதே ரோபோ, அதே மோட்டர், அதே பேட்டரி. மாறியது தரை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் திருவிளக்குப் பூசை. நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக அமர்ந்து விளக்கேற்றுவோம். முடிந்ததும் எண்ணெய் சிந்திய பளிங்கு ஓடுகளைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைப்போம். என் கையாலேயே துடைத்திருக்கிறேன். எத்தனை துடைத்தாலும் சனிக்கிழமை காலை அந்தத் தரையில் வழவழப்பு இருக்கும். சக்கரம் அங்கே பிடிக்காது, வழுக்கிச் சுழலும். வழுக்கும் சக்கரத்தைச் சுழற்ற மோட்டருக்கு வேலையே இல்லை. அதுதான் ஒன்பது. போட்டிக் களத்தின் தரைக்கோ, ரோபோக்கள் வழுக்கக் கூடாதென்று ரப்பர் கலந்த சாயம் பூசுகிறார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சண்டைக்காரனைச் சாமி மண்டபத்தில் சோதித்து அனுப்பியிருக்கிறோம்.

சந்தேகம் இருக்கக் கூடாது என்பதற்காகச் சேதுவைக் கோலசிலாங்கூர் மீன் சந்தைக்கு அனுப்பி, மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். சனிக்கிழமை காலை கணேஸ்வரனை மண்டபத்துக்கு வரச் சொன்னேன். உடும்பின் சக்கரங்கள் சுழலாமல் கட்டினோம். கொக்கியை மாட்டி, அது தரையில் நகரும்வரை அவரையே இழுக்கச் சொன்னேன். நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே முள் காட்டியபோது உடும்பு நகர்ந்துவிட்டது. பிறகு அதைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து வெர்க்‌ஷாப்புக்குப் போனோம். சிமெண்டுத் தரையில் அதே இழுப்பு. முள் ஒன்பதரையைத் தாண்டிய பிறகுதான் அசைந்தது.

கணேஸ்வரன் தராசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவருடைய கால் ஆடவில்லை. நான் அடித்த வரியையும் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. ஆனால் அந்தத் தாள் இல்லாமல் என் விளக்கம் முழுமையடையாது.

"அப்ப நமக்கு வெள்ளிக்கிழமையே தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

"ஆமா."

"நீங்க அத அடிக்காம இருந்தா நான் திரும்ப மாட்டியிருப்பேன் லா."

"நீங்க கழட்டாம இருந்தா நான் அளந்திருக்கவே மாட்டேன்."

 அவர் முன் தகட்டைக் கழற்றத் தொடங்கினார். ஆறு மில்லிமீட்டர் தகட்டை நான்காகக் குறைத்தால்தான் சங்கிலிக்கு எடை கிடைக்கும். அதற்கு அவர் மனம் எத்தனை கசந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே வாரத்தில் சங்கிலி ஏறியது. பதினொன்றுக்கு இருபது. ஆனால் மைக்கில் சொல்வதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. என் கவலை வேறுவிதமாக வளர்ந்திருந்தது. இப்போது அவர் கையில் என் பிழையும் இருந்தது. அண்ணி அளவை அடித்துவிட்டார் என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

அடுத்த ஏழு வாரங்கள் அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. திங்கட்கிழமை பன்னிரண்டு பல் போட்டால் என்ன என்று செய்தி வரும். புதன்கிழமை சக்கரத்தைப் பன்னிரண்டு சென்டிமீட்டராக்கினால் என்ன என்று வரும். ஒவ்வொன்றுக்கும் நான் கணக்குப் போட்டு, தேதியிட்டு, வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்திருக்கிறேன், இருபத்தொரு தாள்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சங்கிலி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்துச் சிரித்தார். ஒருமுறை, சங்கிலிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டவும் செய்தார்.

செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு, போட்டி. காலையில் எடை பார்க்கும் நேரத்தில் திரு. அழகேசனிடம் போய், களத்தின் தரையில் தராசால் ஓர் அளவு எடுக்க அனுமதி கேட்டேன். எதற்கு என்றார். போன ஆண்டின் ஒன்பது ஆம்பியருக்கு விளக்கம் இருக்கிறது என்றேன். அவர் தாமே கொக்கியைப் பிடித்து இழுத்தார். பதினொன்று. மண்டபத்து எண்ணையும் வெர்க்‌ஷாப் எண்ணையும் அதனருகில் எழுதிக் காட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி, தரை புரியுது. ஆனா சங்கிலி வேணாம்னு முடிவு பண்ணினது யாரு? அது இந்தத் தாள்ல இல்லையே" என்றார். அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் முதல் ஆட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

முதல் ஆட்டத்தை உடும்பு வென்றது. இரண்டாவது ஆட்டம் பந்திங்கிலிருந்து வந்த ஒரு குழுவோடு. எதிரியைத் தூக்கிக் கவிழ்க்கும் கை வைத்த ரோபோ, மிக வேகமானது. கணேஸ்வரன் தள்ளினார். ஒரு முறை கவ்வி, சுவரில் சேர்த்து, முழுதாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார். சென்ற ஆண்டு புகை வந்த நாற்பதாவது நொடியை நான் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது போயிற்று, ஐம்பது போயிற்று, புகை இல்லை. ஆனால் விடுபட்ட எதிரி மற்ற நேரமெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து உடும்பை இரண்டு முறை கவிழ்த்தது. உடும்பு நிமிர்ந்து திரும்புவதற்குள் அது வேறு மூலையில் இருந்தது. மூன்று நிமிடம் முடிந்தபோது இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பந்திங் குழுவுக்குக் கொடுத்தார்கள்.

தோற்றுவிட்டோம். தோற்ற காரணமும் கூடியிருந்த எல்லாருக்கும் தெரிந்தது: உடும்பு மெதுவாக இருந்தது. அதை மெதுவாக்கியது என் சங்கிலி. திரு. அழகேசன் ஒலிவாங்கியோடு வந்தார். சென்ற ஆண்டு சொன்னதையே கணேஸ்வரன் சொல்லலாம். இந்த ஆண்டு அதில் பொய்யே இருக்காது.

"என்ன கணேஸ், இந்த வருஷம் கியரா?"

கணேஸ்வரன் உடும்பைத் தூக்கி மேசைமேல் வைத்து, மேல் தகட்டின் நான்கு திருகுகளையும் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கியர் இல்ல சார். கவ்வினத நான் விட்டுட்டேன். இன்னும் முப்பது செகண்ட் பிடிச்சிருக்கணும், எனக்குப் பொறுக்கல." தகட்டை எடுத்து வைத்தார். "மோட்டர தொட்டுப் பாருங்க."

திரு. அழகேசன் விரலை வைத்தார். எடுக்கவில்லை. வெதுவெதுப்புதான்.

"போன வருஷம் இதே கணக்குதான் அண்ணி போட்டுக் குடுத்தாங்க. மூணு நாளு முன்னாடி சங்கிலிய கழட்டினது நான். அவங்க வேணாம்னாங்க. மைக்குல நான் அத சொல்லல."

ஒலிவாங்கி திறந்துதான் இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ, மச்சான், வீட்டுக்குப் போனா சோறு இருக்காது என்றார்கள். கணேஸ்வரன் கழுத்துவரை சிவந்து, கழற்றிய திருகுகளைத் திரும்பவும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் கைப்பையிலிருந்து அளவீட்டுத் தாளை எடுத்துத் திரு. அழகேசனிடம் கொடுத்து, சென்ற ஆண்டு அவர் கவனிக்காத அந்த அடித்த வரியைக் காட்டினேன். வெள்ளிக்கிழமையே இருபத்தாறு வந்தது, பழுது என்று நினைத்து நான்தான் அடித்தேன் என்றேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "இத நீங்க காட்டாமலே இருந்திருக்கலாமே, தனேஸ்வரி. இப்பதான் எல்லாம் உங்க பக்கம் வந்துச்சு."

"கோப்புல இருக்கு சார்" என்றேன். 

அவர் மன்றத்தின் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து, சென்ற ஆண்டின் பக்கத்தில் அந்த வரியை அடித்தார். கீழே எழுதினார்: சங்கிலியை ஓட்டுநர் கழற்றினார். கியர் கணக்கு சரி. அளவீடு பொருந்தாத தரையில் எடுக்கப்பட்டது. சரியான அளவை எடுத்தவரே நீக்கிவிட்டார். கையொப்பமிட்டு, கணேஸ்வரனையும் என்னையும் கையொப்பமிடச் சொன்னார். கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் திருத்த ஒன்றுமில்லை. கையொப்பமிட்டேன்.

அக்டோபர் ஆறாம் தேதி நேர்முகத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தது. நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து ஆறு மாதத் தகுதிகாண் அடிப்படையில் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரம் திரு. அழகேசன் ஒரு கன்வேயர் மோட்டரின் அளவீட்டுத் தாளை என்முன் வைத்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எண்கள் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. நான் கையெழுத்துப் போடாமல், பாதுகாப்புக் காலணியை மாட்டிக்கொண்டு, அந்தக் கன்வேயர் நிற்கும் இடத்தைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனேன்.

போகும் வழியில் கணேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது. பந்திங்காரன் வேகத்தைப் பிடிக்க வேண்டுமானால் பதினொன்றுக்குப் பதினாறு போடலாமா என்று கேட்டிருந்தார். நான் பதில் அனுப்புவதற்குள் இன்னொரு செய்தி: பதினாறு பல் வாங்கிவிட்டேன்.